கழுநீர்த் தொட்டியிற் சேரும் ஜீவசத்து

பூவிருந்தவல்லி, ஆவடி வட்டங்களில் இன்னும் உழவு நடைபெறும் கிராமங்களில், மாடு வைத்திருக்கும் குடித்தனம் எதனை எடுத்துக்கொண்டாலும் கொல்லைப்புறத்தில் ஒரு கழுநீர்த் தொட்டி இருக்கக் காணலாம். காலையில் அரிசி களைந்த நீர் அதில் ஊற்றப்படுகிறது. சிறிது நேரத்தில் சாதம் வடித்த கஞ்சியும் அதனுடன் சேருகிறது. மாலையில், ஆலையிலிருந்து வந்த தவிடு அதிற் கலக்கப்படுகிறது. மாடு அதனை விரும்பிக் குடிக்கிறது. வீட்டார் வெண்மையான சாதத்தை உண்கின்றனர். எப்பொருளும் வீணாகவில்லை என்று குடியானவர் திருப்தியடைவது இயல்பே. ஆயினும் கணக்கைச் சற்று நுணுகிப் பார்ப்பின், நிலமானது நெல்மணியில் வைத்துக் கொடுத்த ஜீவசத்தின் பெரும்பகுதி அத்தொட்டிக்கும், மாவுப் பகுதி மாத்திரம் மனிதர் இலைக்கும் பங்கிடப்படுவது விளங்கும். இந்தப் பங்கீடு சரியானதன்று. இதனைத் திருத்தும் அதிகாரம் நெல்லை உடையவர் கையிலேயே இருக்கிறதென்பதை மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் கவனிக்க வேண்டும்.

வைட்டமின் எனப்படும் ஜீவசத்துக்கள் இருவகைப்படும். ஏ, டி, ஈ, கே என்னும் நான்கும் கொழுப்பிற் கரைவன. உடல் அவற்றைக் கல்லீரலிலும் கொழுப்பிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும். பி தொகுதியைச் சேர்ந்த எட்டும், சி ஒன்றும், ஆக ஒன்பது, நீரிற் கரைவன. இவ்வொன்பதில் பி12 ஒன்றே கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் தங்கவல்லது. ஏனையவற்றை உடல் நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. மிகுந்தது சிறுநீரிற் கழிந்துவிடும். பி1 என்னும் தயாமின் உடலில் ஏறக்குறைய 30 மில்லிகிராமே இருக்கும்; உணவில் அது வராது நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் அவ்விருப்பு தீர்ந்துபோம். கொழுப்பிற் கரையும் சத்தைக் குதிரில் வைத்த நெல்லுக்கு ஒப்பிடலாம். நீரிற் கரையும் சத்து வாய்க்காலில் வரும் நீர் போன்றது. முறைப்பாய்ச்சல் நின்றால் பயிர் வாடுவதுபோல, அன்றாடம் வரவேண்டியது வராவிடில் உடல் தளரும்.

இவற்றின் தொழில்களைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நலம். தயாமின், உண்ட மாவுப்பொருளை உடலுக்கு வேண்டிய சக்தியாக மாற்ற உதவுவது. ஆதலின் சோறு மிகுதியாக உண்பவருக்கே இதன் தேவையும் மிகுதி. இது குறையின் பெரிபெரி என்னும் நோய் தோன்றும். கால் மரத்தல், நடை தள்ளாடல், உடல் வீங்குதல், இருதயம் தளர்தல் ஆகியன அதன் குறிகள். பி2 என்னும் ரிபோபிளேவின் குறையின் கடைவாய் வெடித்துப் புண்ணாகும். நாக்குச் சிவந்து எரியும். நியாசின் குறையின் வெயில் படும் தோல் கறுத்து உரியும். வயிற்றுப்போக்கும் புத்தித் தடுமாற்றமும் உண்டாகும். போலிக் அமிலமும் பி12-உம் இரத்த அணுக்கள் உண்டாவதற்கு இன்றியமையாதவை. கருவிலிருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டு சரிவர அமைவதற்கும் போலிக் அமிலம் வேண்டும். பி6, பான்டோதெனிக் அமிலம், பயோட்டின் ஆகிய மூன்றும் புரதம், கொழுப்பு முதலியவற்றை உடல் கையாளுவதற்குத் துணைபுரிவன. சி சத்து ஈறுகளையும் தோலையும் உறுதிப்படுத்தும். புண் ஆறச் செய்யும். தானியத்திலும் கீரையிலுமுள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ளும்படி செய்யும்.

இனி நெல்மணியின் அமைப்பைக் கவனிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். உமிக்குக் கீழே தவிடு ஒரு மெல்லிய தோலாக மூடியிருக்கிறது. மணியின் ஒரு கோடியில் முளைக்குரிய கரு அமைந்துள்ளது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவு. பி தொகுதியைச் சேர்ந்த சத்துக்களில் பெரும்பங்கு தவிட்டிலும் கருவிலும் தங்கியிருக்க, மாவுப் பகுதியில் மிகச் சிறிதே உள்ளது. இந்திய உணவுப் பொருள்களைப் பற்றி வழக்கிலிருந்துவந்த அட்டவணைகளின்படி, 100 கிராம் தவிட்டில் தயாமின் 2.7 மில்லிகிராம் உண்டு. ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் 0.06 மில்லிகிராமே உண்டு. கைக்குத்தற் பச்சரிசியில் 0.21, ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியிலும் 0.21, கைக்குத்தற் புழுங்கலரிசியில் 0.27. நியாசின் அளவும் இவ்வாறே ஆலைப் பச்சரிசியில் 1.9 மில்லிகிராமாகவும், ஆலைப் புழுங்கலில் 3.8 மில்லிகிராமாகவும் காணப்படுகிறது.

இவ்வெண்களை ஒரு குடும்பத்தின் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். வயலிற் கடினமாக உழைக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு 2.3 மில்லிகிராம் தயாமின் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. அவன் அரைக் கிலோ அரிசி உண்பதாக வைத்துக்கொண்டால், தீட்டிய பச்சரிசியிலிருந்து, களைவதற்கு முன்னரே, 0.3 மில்லிகிராம்தான் கிடைக்கும். ஆலைப் புழுங்கலானால் 1.05, கைக்குத்தற் புழுங்கலானால் 1.35. எஞ்சியதைப் பருப்பும் பயறும் வேர்க்கடலையும் நிரப்பக்கூடும். 0.3-இலிருந்து தொடங்குபவனுக்கோ அவ்வளவு பருப்பு வாங்க வசதியிராது. மற்றொரு கணக்கும் உண்டு. 75 கிலோ நிறையுள்ள ஒரு மூட்டை நெல்லைத் தீட்டும்போது ஏறக்குறைய 4 கிலோ தவிடு பிரிவதாகக் கொண்டால், அத்தவிட்டில் 100 மில்லிகிராமுக்கு மேல் தயாமின் இருக்கும். ஓர் உழைப்பாளிக்கு 40 நாட்களுக்கு மேல் வேண்டிய சத்து, ஒரு மூட்டை நெல்லிலிருந்து மாத்திரம் இவ்வாறு பிரிந்து செல்லுகிறது.

தீட்டிய அரிசியில் எஞ்சிய சிறிதும் சமையலறையில் நீருடன் போகிறது. பச்சரிசியை மூன்று நான்கு முறை தேய்த்துக் களைந்தால் அதிலுள்ள தயாமினில் ஏறக்குறையப் பாதி கழுநீரிற் கரைந்துவிடும். கஞ்சியை வடித்துக் கொட்டினால் மேலும் ஒரு பங்கு போம். புழுங்கலரிசியில் இந்நட்டம் மிகக் குறைவு. இதன் காரணம் அறியத்தக்கது. நெல்லை உமியுடன் ஊறவைத்து ஆவியில் வேகவிடும்போது, தவிட்டிலும் கருவிலும் உள்ள சத்துக்கள் நீரிற் கரைந்து, அந்நீரோடு மணியின் உள்ளே செல்லுகின்றன. வெப்பத்தால் மாவு இறுகி அவற்றை உள்ளேயே பிடித்துக்கொள்ளுகிறது. அதன் பின்னர்த் தீட்டினாலும் களைந்தாலும் அவை எளிதில் வெளியேறா. நீரிற் கரையும் தன்மை ஒன்றே. புழுக்கும் கொப்பரையில் அது சத்தை உள்ளே கொண்டுசேர்க்கிறது, களையும் பாத்திரத்தில் வெளியே கொண்டுபோகிறது. நெல்லைப் புழுக்கக் கற்ற முன்னோர் வைட்டமின் என்னும் பெயரை அறியாதவர். எனினும் அவர் கண்ட முறை அவர் சந்ததியாரைக் காத்தது.

அவ்வாறு காத்ததென்பதற்குச் சரித்திரச் சான்றுகள் பல உண்டு. 1890-களில் ஜாவாத் தீவின் பதேவியா நகரில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் முடங்கி விழுவதையும், தீட்டாத அரிசியும் தவிடும் கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டார். இதன்பொருட்டு 1929-இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். மலாய் நாட்டில், சீயத்து வெள்ளரிசியை உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர் பெரிபெரியால் பெருவாரியாக மடிந்த காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளர் அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பினர். இருவரும் அதே நாட்டில், அதே மழையிலும் வெயிலிலும் உழைத்தவர்களே. தமிழர் புழுங்கலரிசி உண்டது ஒன்றே முக்கியமான வேறுபாடென்பதை அங்கிருந்த பிராடன் என்னும் வைத்தியர் கண்டு, அரிசியே நோயின் காரணமென 1907-இல் நூல் வெளியிட்டு வாதித்தார். அதன்பின் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் அந்நாட்டிற் செய்த சோதனைகளும் அதனை உறுதிப்படுத்தின.

சென்னை ராஜதானிக்குள்ளேயே இதே பாடம் மற்றொரு முறை கற்பிக்கப்பட்டது. அக்காலத்தில் வட சர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கடற்கரை ஜில்லாக்களில் மக்கள் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டனர். அங்கே பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அஃது அரிதாயிருந்தது. குன்னூரில் மக்கரிசன் 1918-இல் தொடங்கிய உணவு ஆராய்ச்சி இதனை விரிவாக ஆராய்ந்தது. அவருக்குப் பின் 1935 முதல் அந்நிலையத்தின் தலைவராயிருந்த அய்க்ராய்டும் அவருடன் பணியாற்றியவர்களும், இந்தியாவின் அரிசிப் பிரச்சினையைப் பற்றி 1940-இல் வெளியிட்ட அறிக்கையில் இம்முடிவையே வற்புறுத்தினர். அந்நிலையம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் தேசிய உணவூட்ட நிலையமாயிற்று. சென்னைக்கு வடக்கேயுள்ள நெல்லூரில் 1886-இற் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ், மணிலா நகரிற் பெரிபெரி கண்ட சிசுக்களுக்குத் தவிட்டுச் சாற்றைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டு, 1936-இல் தயாமினைச் செயற்கை முறையில் உண்டாக்கினார் என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

பழங்கதையை இப்போது எடுத்துரைப்பானேன் என்று சிலர் வினவலாம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதியின் இன்றைய நிலையே அதற்கு விடை. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் ஏற்பட்டன. அதன்பின் ஏரிப் பாசன வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாயின. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. நிலம் குறைந்ததோடு உணவின் பழக்கமும் மாறிற்று. சொந்த நெல்லைப் புழுக்கி, உரலிலோ சிறு ஆலையிலோ குத்தி உண்ட குடும்பங்கள், நெல்லை விற்றுவிட்டுக் கடையில் மெருகேற்றிய வெள்ளரிசியை வாங்குகின்றன. நியாயவிலைக் கடையிற் கிடைக்கும் புழுங்கலரிசி இட்லிக்கு மாத்திரம் உரியதென ஒதுக்கும் வழக்கமும் பல வீடுகளில் உண்டு. வெண்மையே உயர்வின் அடையாளமெனக் கருதப்படுகிறது. புழுங்கலரிசியே ஆயினும், சோறு மல்லிகை மொட்டுப்போல இருக்கவேண்டுமென்று மேலும் மேலும் தீட்டச் செய்தால், முன்னோர் உள்ளே அடைத்து வைத்ததிலும் ஒரு பங்கு கழிந்துபோம்.

பெரிபெரி முற்றும் ஒழிந்த நோயென்று கருதுவதும் தவறு. சென்ற சில ஆண்டுகளில் காஷ்மீரப் பள்ளத்தாக்கில், தாய்ப்பாலை மாத்திரம் உண்ட சிசுக்கள் திடீரென இருதயம் தளர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டதையும், தயாமின் ஊசி போட்டவுடன் விரைவில் தேறியதையும் அங்குள்ள வைத்தியர்கள் எழுதியுள்ளனர். அத்தாய்மார் தீட்டி நன்கு களைந்த வெள்ளரிசியை உண்டவர்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் பத்தியமென்று பல உணவுகளை விலக்கியவர்கள். தாயின் உணவிற் சத்துக் குறைந்தால் பாலிலும் குறையும். பிள்ளை பெற்றவளுக்குக் கீரையும் பருப்பும் ஆகாவென விலக்கி, வெள்ளைச் சாதமும் ரசமும் மாத்திரம் கொடுக்கும் பத்தியம் தமிழ்நாட்டிலும் வழக்கில் உள்ளதே. காஷ்மீரத்திற் கண்டது இங்கு வாராதென்று யாரும் உறுதி கூற இயலாது.

இனி, தவிட்டையும் கழுநீரையும் மாட்டுக்குக் கொடுப்பதனால் அச்சத்து பாலாக வீட்டுக்குத் திரும்புகிறதன்றோ என்னும் வாதத்தை ஆராயலாம். இது பாதியே உண்மை. ஆடுமாடுகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் பி தொகுதிச் சத்துக்களைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் வாய்ந்தவை. பசுந்தீவனமும் வைக்கோலும் தக்க அளவிற் பெறும் மாட்டுக்குத் தவிட்டிலுள்ள பி சத்து பெரும்பாலும் மிகையே. தவிட்டின் புரதமும் எண்ணெயுமே அதற்குப் பயன்படுவன. ஆகவே, அச்சத்து மிகவும் வேண்டியவனாகிய மனிதனிடமிருந்து எடுக்கப்பட்டு, அது வேண்டாத பிராணிக்கு ஊற்றப்படுகிறது. பசு திருப்பிக் கொடுக்கும் பாலிலும் தயிரிலும் ரிபோபிளேவினும் பி12-உம் நன்கு உள்ளன. தயாமின் அதிற் குறைவு. பாலைப் போற்றுவதற்குக் காரணம் போதிய அளவு உண்டு. எனினும் சோற்றில் இழந்ததை அது ஈடுசெய்யாது.

கைக்குத்தல் அரிசி நெடுநாள் தாங்காது, வண்டு பிடிக்கும், சிக்கல் வாடை அடிக்கும் என்பது மற்றொரு தடை. இதில் உண்மையுண்டு. தவிட்டுத் தோல் சிதையும்போது அதிலுள்ள ஒரு நொதி எண்ணெயைக் கெடுக்கிறது. ஆயின் புழுக்கும் வெப்பத்தில் அந்நொதி அடங்கிவிடுவதால் புழுங்கலரிசியில் இக்குறை குறைவு. வருஷத்துக்கு வேண்டிய அரிசியை ஒரே முறையில் அரைத்து வைப்பதை விட்டு, நெல்லை நெல்லாகவே வைத்திருந்து மாதம் ஒரு முறை அரைத்துக்கொண்டால் இத்தடை நீங்கும். கடையில் வாங்கி உண்ணும் பட்டணவாசிக்கு இவ்வசதி கிடையாது. நெல் வைத்திருக்கும் விவசாயிக்கே இஃது உண்டு. சமைக்க நேரம் அதிகமாகும் என்பதும் கூறப்படுவதுண்டு. ஒரு முறை கழுவிய பின் ஊறவைத்து, ஊறிய நீரிலேயே வேகவிட்டால் விறகும் எரிவாயுவும் மிச்சமாகும், சத்தும் போகாது.

மாத்திரைகளும் செறிவூட்டிய அரிசியும் இருக்க, இவ்வளவு பாடு எதற்கு என்பாரும் உளர். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி, அரசாங்கத் திட்டங்களின் வழியாக வழங்கும் அரிசியைச் செறிவூட்டப்போவதாக மத்திய அரசாங்கம் அறிவித்தது. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு செறிவூட்டிய மணிகளைக் கலப்பது அதன் முறை. இரும்பும், போலிக் அமிலமும், பி12-உம் அதிற் கட்டாயமாகச் சேரவேண்டியவை. இரத்தச்சோகையை ஒழிக்கும் நோக்கம் பாராட்டத்தக்கதே. ஆனால் தீட்டுதலால் இழந்த தயாமினும் நியாசினும் அக்கட்டாயப் பட்டியலில் இடம்பெறவில்லை என்பதை மறத்தலாகாது. வைத்தியர் கொடுக்கும் மாத்திரையைக் கருவுற்ற தாய் விடாது உட்கொள்ளவேண்டும். அன்றாட உணவைச் சீர்ப்படுத்துவதற்கு மாத்திரை மாற்றாகாது.

அரிசியினால் மாத்திரம் ஒன்பது சத்தும் நிறைவதில்லை. போலிக் அமிலத்துக்குக் கீரையும் பயறும், சி சத்துக்குப் பச்சைக் காய்கனியும் வேண்டும். லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது 1928 முதல் பம்பாயில் ஆலைத் தொழிலாளராகிய கர்ப்பிணிகளின் கொடிய இரத்தச்சோகையை ஆராய்ந்து, ஈஸ்டுச் சாற்றினால் அது குணமாதலை 1931-இல் வெளியிட்டார். அதிலுள்ள சத்தே போலிக் அமிலமெனப் பின்னர்த் தெரியவந்தது. சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில், 1945-இல் அது செயற்கையாக உண்டாக்கப்பட்டது. கருவுற்ற தாய்க்கு நாளொன்றுக்கு 570 மைக்ரோகிராம் போலிக் அமிலம் வேண்டுமென்பது 2020-ஆம் ஆண்டின் அளவு. மருந்தாக ஏற்படுமுன்னரே இச்சத்து அரைக்கீரையிலும் முளைக்கீரையிலும் பச்சைப்பயற்றிலும் இருந்துவந்தது.

முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான் என்பது பழமொழி; முதுமையிலும் கோலூன்ற வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. 100 கிராம் முருங்கைக்கீரையில் 100 மில்லிகிராமுக்கு மேல் சி சத்து உண்டு. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஓர் ஆளுக்கு நாளைக்கு வேண்டியதோ 80 மில்லிகிராமே. சமைக்கும்போது இச்சத்தில் ஒரு பங்கு அழியுமாதலின், கீரையை நறுக்குமுன் கழுவுதலும், சிறிது நீரில் மூடி வேகவைத்தலும், வெந்த நீரைக் கொட்டாது குழம்பிற் சேர்த்தலும், நிறம் மாறாதிருக்கச் சோடா உப்பு இடாதிருத்தலும் வேண்டும். சோற்றுடன் நெல்லிக்காய்த் துவையலோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் அவ்வுணவிலுள்ள இரும்பும் நன்கு உடலிற் சேரும். பறித்த கீரை நேரம் செல்லச் செல்லச் சத்தை இழப்பது. வெகுதூரத்திலிருந்து சந்தைக்கு வந்து மறுநாள் வாங்கப்படும் கட்டினும், கிணற்றடியிற் பறித்து அன்றே சமைக்கும் கைப்பிடிக் கீரை மேலானது.

புளித்த உணவுகளையும் இகழலாகாது. அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்த இட்லி மாவில் நுண்ணுயிர்களின் செயலால் சில பி சத்துக்கள் மிகுதிப்படுகின்றன. பழையதை நீராகாரத்துடன் உண்ணும் வழக்கத்தில் சோற்றிலிருந்து கரைந்த சத்து வீணாவதில்லை. பி12 தாவர உணவுகளில் கிடையாது. ஆதலின் மரக்கறி உண்பவர் பாலும் தயிரும் மோரும் தவறாது கொள்ளவேண்டும். ஏனையோர்க்கு முட்டையும் மீனும் ஈரலும் அச்சத்தை மிகுதியாகத் தருவன.

ஆதலின் மிராசுதாரர்கள் செய்யத்தக்கவை இவை. சொர்ணவாரியிலோ சம்பாவிலோ நவரையிலோ விளைந்ததில் வீட்டுச் செலவுக்கு வேண்டிய நெல்லை விற்காது நிறுத்திக்கொள்ளவேண்டும். அதனைப் புழுக்கி, செங்குன்றம் முதலிய இடங்களிலுள்ள ஆலைகளுக்குக் கொண்டுசெல்லும்போது, உமி நீங்கியபின் இலேசாக ஒரு முறை தீட்டினால் போதுமென்று கேட்டுப் பெறவேண்டும். சொந்த நெல்லை அரைக்கக் கொடுப்பவன் சொல்லுக்கு ஆலையில் மதிப்புண்டு. பண்ணையாட்களுக்குக் கூலியின் பகுதியாக அரிசி அளப்பவர், தம் வீட்டுக்கு ஒன்றும் ஆளுக்கு ஒன்றுமாக வேறுபடுத்தாது, சத்துள்ள அரிசியையே இருவருக்கும் அளக்கவேண்டும். திருவள்ளூரையடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.கே.எம். 9 போன்ற சிவப்பரிசி இரகங்களில் ஒரு சிறு பாகமாவது வீட்டுக்கெனப் பயிரிடலாம். எனினும் சிவப்பு நிறமே ஜீவசத்தன்று என்பதையும், நிறம் போகத் தீட்டினால் சத்தும் கூடவே போமென்பதையும் அறிதல் வேண்டும். வரப்பிற் பயறும், வேலியில் அகத்தியும், கிணற்றடியில் முருங்கையும் நெல்லியும், சிறு பாத்தியிற் கீரையும் இருந்தால் அக்குடும்பத்துக்கு வைத்தியச் செலவு குறையும். 100 கிராமில் 0.9 மில்லிகிராம் தயாமின் உள்ள வேர்க்கடலையை முழுவதும் எண்ணெய்க்கு விற்றுவிடாது, பிள்ளைகளுக்கென ஒரு மரக்கால் வைத்துக்கொள்ளுதலும் நன்று.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. 1982 முதல் விரிவாக நடைபெற்றுவந்த சத்துணவுத் திட்டத்தினாலும், 2022-இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டத்தினாலும் பள்ளிப் பிள்ளைகளின் உணவில் ஒரு பெரும் பங்கு ஊரின் பொறுப்பாகிவிட்டது. அரிசியைப் பலமுறை தேய்த்துக் களைவதும் கஞ்சியைக் கொட்டுவதும் சமையற்கூடத்தில் நடவாதபடி ஊராட்சித் தலைவர் ஒரு சொல் கூறினால் செலவின்றியே பயன் உண்டாகும். பள்ளி வளாகத்திலும் அங்கன்வாடியிலும், கைகழுவும் நீர் ஓடுமிடத்திற் கீரைப் பாத்தியும் முருங்கையும் வைக்கலாம். ஏரிக்கரையின்மீது மரம் வைத்தல் கரையின் உறுதிக்கு ஏற்றதன்று. ஆக்கிரமிப்புக்கு இடமாகும் சிறு புறம்போக்குகளில் நெல்லியும் கொய்யாவும் வைத்தால், நிலமும் காக்கப்படும், பிள்ளைகளுக்குக் கனியும் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரும் கிராம சுகாதாரச் செவிலியும் சேர்ந்து, பிள்ளை பெற்ற வீடுகளில் பத்தியத்தின் பெயரால் கீரையும் பருப்பும் விலக்கப்படாதபடி பெரியவர்களுக்கு எடுத்துரைத்தல் எல்லாவற்றினும் அவசரமான கடமை.

இவற்றுள் எதற்கும் புதிய கடனோ புதிய சட்டமோ வேண்டியதில்லை. வயலில் ஒரு மூட்டை அதிகம் விளைவிப்பதற்கு எவ்வளவு எருவும் உழைப்பும் வேண்டுமென்பதை விவசாயி அறிவான். விளைந்த மூட்டையிலுள்ள சத்தை வீட்டாரின் உடலிற் சேர்ப்பதற்கோ, ஆலையில் ஒரு சொல்லும் அடுப்பங்கரையில் சிறிது கவனமும் போதும். கழுநீர்த் தொட்டி வீட்டில் இருக்கட்டும். மாட்டுக்குப் பசும்புல்லும் பிண்ணாக்கும் கொடுக்கட்டும். மனிதருக்குரிய பங்கு மனிதர் இலைக்கு வந்த பின்னர் எஞ்சுவதே அத்தொட்டிக்குப் போகவேண்டும்.